காலி சீட்டுக்கு பெல்ட்

நான் சொல்லப்போவது கட்டுக்கதை இல்லை. கற்பனை செய்து எழுத எனக்கு வராது. நான் நர்ஸ். எந்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு மூச்சு வாங்கியது, எத்தனை மணிக்கு அடங்கியது என்று பதினாறு வருஷமாகக் குறித்துக் குறித்துப் பழகிய கை இது. அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் படித்து முடித்த கையோடு காரில் தனியாகப் போகிற வேலை இருந்தால், இப்போதே மூடி வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாய் ஊளையிடும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது விடிகிற நேரத்தில் நடந்தது. பால் வண்டி வருகிற நேரம். பயம் மணி பார்த்து வருவதில்லை.

என் கணவர் இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. நான் வந்து ஐந்து மாசம். எங்கள் ஊரில் நான் பதினொரு வருஷம் கார் ஓட்டியவள். ஒரு கீறல் கிடையாது. இங்கே வந்ததும் எல்லாம் தலைகீழ். ஸ்டீயரிங் இடது பக்கம், வண்டி போவது ரோட்டின் வலது பக்கம். முதல் வாரம் கார் கதவைத் திறந்து ஜம்பமாக உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டு முன்னால் பார்த்தால்... ஸ்டீயரிங்கைக் காணோம். யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் ஒரு விநாடி நினைத்தேன். கியர் போடக் கையை வீசினால் கதவில் இடிக்கும். இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடும். வெயில் காயும் பகலில் வைப்பர் போட்டுக்கொண்டு திரும்பும் ஒரே பெண் என்று தெருவில் எனக்குப் பெயர்.

என் கணவருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்குமா?

"நான் வந்த முதல் வாரத்துலயே பழகிட்டேன். மூளை வேணும்டி, மூளை."

ஐந்து மாசத்தில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, அவருடைய நண்பர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது. எனக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று காரில் வருவார். ஆனால் என் பக்கத்தில் உட்கார மாட்டார். பின் சீட்டில் முதலாளி மாதிரி சாய்ந்துகொண்டு, அங்கிருந்தே கத்துவார். ஏன் முன்னால் வரக்கூடாது என்று கேட்டதற்கு, "நீ ஓட்டுறதைப் பக்கத்துல இருந்து பார்த்தா எனக்கு நெஞ்சு வலி வரும்" என்றார். கூட இருந்த நண்பர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

லைசென்ஸ் எனக்கு உயிர் போகிற விஷயமாக இருந்தது. பதினாறு வருஷ நர்ஸ், இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை ஒன்று காலியாக இருந்தது. என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அந்தத் தலைமை நர்ஸ், வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸோடு வா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு முதல் ஆறு மாசம்தான் ஓட்டலாம். அதற்குள் இங்கத்திய டெஸ்டில் தேற வேண்டும். நான் இரண்டு தடவை தோற்றுவிட்டேன். மூன்றாவது டெஸ்ட் வியாழக்கிழமை. அதிலும் போனால் அடுத்த டெஸ்டுக்கு ஆறு மாசம் காத்திருக்க வேண்டியதுதான். அந்த வேலை போய்விட்டால், இந்த மனிதரின் வாய்க்குப் பயந்துகொண்டு அவருடைய வீட்டிலேயே காலம் தள்ள வேண்டும். எனக்கு அது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டு தடவையும் ஒரே தப்பு. ஊரில் இடது பக்கம் திரும்புவது மிகச் சுலபம். ஓரத்தை ஒட்டியே ஒடித்துவிட்டால் போதும். இங்கே இடது பக்கம் திரும்பும்போது ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கத்து வழிக்குப் போக வேண்டும். நான் பழக்கதோஷத்தில் ஓரத்தை ஒட்டித் திரும்பி, எதிரே வருகிறவர்களின் வழியில் போய் நிற்பேன். கோடவுன் ரோட்டு முக்கில்தான் இரண்டு தடவையும் மாட்டினேன். டெஸ்ட் எடுக்கிறவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டு, பேப்பரில் எழுதினார்.

இனி காரைப் பற்றி. நீல நிறம், என் கணவர் வந்த புதிதில் வாங்கியது. வலது பக்க முன் கதவு மட்டும் வேறு நீலம். வெயிலில் பார்த்தால்தான் தெரியும். கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார்.

டெஸ்டுக்கு இரண்டு வாரம் முன்னால், கடையிலிருந்து தனியாகத் திரும்பி வரும்போது பெல்ட் மணி அடித்தது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. டிங்... டிங்... டிங்... சீட் காலி. மூன்று விநாடி அடித்துவிட்டு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன்.

அவர் முகம் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அந்த சீட்ல எதையும் வைக்காதேன்னு சொன்னேன்ல?"

அப்படி அவர் சொன்னதே இல்லை. உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனார். சீட்டுக்கு அடியில் குனிந்து வயரைப் பிடுங்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இனிமே சத்தம் வராது." அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஒரு மணி அடித்ததற்கு இவ்வளவு கோபமா என்று நினைத்துக்கொண்டு நான் படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. டெஸ்டுக்கு இரண்டு நாள்.

காலை 5:40க்கு எழுந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் வருவதற்கு முன் அந்த முக்கில் பத்து தடவையாவது திரும்பிப் பழகிவிட வேண்டும் என்று கிளம்பினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பின் சீட்டில் ஏறிக்கொள்வார்.

5:51க்கு வண்டியை எடுத்தேன். வெளியே பனி மூட்டம். தெருவிளக்குகள் தெரிந்தன, கம்பங்கள் தெரியவில்லை. கைப்பையை வலது பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன்.

5:56. கோடவுன் ரோட்டுக்கு இன்னும் இரண்டு தெரு.

டிங்...

டிங்...

டிங்...

கைப்பையின் கனத்துக்கு அடிக்கிறது என்று அதை எடுத்துப் பின்னால் போட்டேன். நிற்கவில்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள் உட்கார்ந்திருப்பது போல ஒரு சின்னப் படம். அவர் வயரைச் சரியாகப் பிடுங்கவில்லை போலிருக்கிறது, வீட்டு வேலை எதைத்தான் முழுசாகச் செய்திருக்கிறார் என்று திட்டிக்கொண்டே ஓரமாக நிறுத்தினேன். கதவைத் திறந்து போய், சீட்டுக்கு அடியில் கை விட்டேன்.

வயர் பிடுங்கித்தான் கிடந்தது. இரண்டு முனையும் என் கையில் தனித்தனியாக இருந்தன.

மணி அடித்துக்கொண்டேயிருந்தது.

வயரைக் கீழே போட்டேன். இருந்தாலும் திரும்பிப் போகவில்லை. வியாழக்கிழமை டெஸ்ட். பழைய வண்டி, பழைய வயர், வேறு ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன்.

6:01.

சர்ர்ர்...

பெல்ட்டை இழுக்கும் சத்தம்.

க்ளிக்.

மணி நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எதிரே வெள்ளையாகப் பனி. கண் ஓரத்தில் மட்டும்... ஒரு கறுப்புப் பட்டை.

அப்புறம் பார்த்தேன்.

காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது. ஆனால் அது சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால் தள்ளி, வளைந்து நின்றது. உள்ளே ஒரு நெஞ்சு இருந்தால் எப்படி நிற்குமோ, அப்படி.

அது அசைந்தது.

முன்னால் வந்தது... பின்னால் போனது... முன்னால் வந்தது...

மூச்சு.

தொழில் புத்தி எந்த நேரத்தில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. நான் எண்ண ஆரம்பித்தேன். நிமிஷத்துக்கு இருபத்தெட்டு இருக்கும். அது பயந்துபோன மனிதனின் மூச்சு. என்னைவிட அதிகமாக யாரோ பயந்திருந்தார்கள்.

வலது பக்கக் கண்ணாடியில், முகம் வருகிற உயரத்தில், உள் பக்கமாக ஒரு வட்டம் மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

6:04.

முக்கு வந்துவிட்டது. நிறுத்த வேண்டும் என்று மூளை சொன்னது. கால் கேட்கவில்லை. கை மட்டும் தானாக இடது பக்கம் ஒடித்தது.

அப்போதுதான் குரல் வந்தது. பக்கத்திலிருந்து. ஆண் குரல். தமிழ்.

"அண்ணே..."



"அண்ணே... இந்தப் பக்கம் இல்லண்ணே..."

காரில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் பெண். அது யாரை அண்ணே என்கிறது?

"அண்ணே, வண்டி வருது..."

வெளிச்சம்.

பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்கு. பெரிசாகிக்கொண்டே... நேராக... என்னைப் பார்த்து...

ஓரத்தை ஒட்டித் திரும்பியிருந்தேன். எதிர் வழியில் இருந்தேன்.

கை இடது பக்கம் போகத் துடித்தது. பதினொரு வருஷப் பழக்கம். ஆபத்து என்றால் இடது ஓரம்.

"அங்க இல்லண்ணே! வலது! வலது!"

ஒடித்தேன்.

வலது பக்கம்.

ஹாரன்... காற்று... என் ஜன்னலை உரசிக்கொண்டு லாரியின் சக்கரம்... ஒவ்வொன்றாக...

போய்விட்டது.

வண்டி வலது ஓரத்தில் மண்ணில் ஏறி நின்றது. இஞ்சின் அணைந்துவிட்டது. 6:05.

நான் உயிரோடு இருந்தேன். அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். பெல்ட் இன்னும் வளைந்து நின்றது. மூச்சு இருந்தது. ஆனால் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டு. எட்டு. ஒரு மூச்சு... நீண்ட இடைவெளி... இன்னொரு மூச்சு... இந்த இடைவெளிகளை எனக்குத் தெரியும். எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதற்கு அப்புறம் என்ன வரும் என்றும் தெரியும். பயம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நோயாளிகளிடம் சொல்லுகிற பொய்.

பெல்ட் மெதுவாக இறங்கி சீட்டோடு படிந்தது.

அப்புறம் அசையவில்லை.

சிவப்பு பட்டனை நான்தான் அழுத்தினேன். பெல்ட் சுருண்டு உள்ளே போனது.

7:02க்கு வீட்டுக்கு வந்தேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போன?"

"கோடவுன் ரோடு."

தம்ளரைக் கீழே வைத்தார். "அங்க எதுக்குப் போற? ஊர்ல வேற ரோடே இல்லையா?"

"டெஸ்ட் அங்கதான வைக்கிறாங்க."

அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார். நான் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வருஷத்துக்குச் சிரிக்க அவருக்கு விஷயம் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக வேறு எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்கு ஒரு மாடி கீழே ஒரு கிரேன் ஆபரேட்டர் இருக்கிறார். என் கணவரோடு நாலு வருஷமாக ஒரே இடத்தில் வேலை. நல்ல மனிதர். புதன்கிழமை சாயங்காலம் அவர் மாடிப்படியில் ஏறும்போது பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, எங்க கார்ல இதுக்கு முன்னாடி ஏதாவது நடந்திருக்கா?"

அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்காரர் சொல்லலையா தங்கச்சி?"

"இல்ல."

"நாங்க வந்த புதுசுல ஒரு வெல்டர் இருந்தான். நம்ம ஆளுதான். உங்க வீட்டுக்காரரை அண்ணே அண்ணேன்னு சுத்திச் சுத்தி வருவான். ரெண்டு பேரும் காலைல ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனாங்க. அந்த கோடவுன் ரோட்டு முக்குல, தப்பான பக்கம் போய் லாரியில மாட்டிக்கிட்டாங்க. வெல்டர் போய்ட்டான்."

"யார் ஓட்டினது?"

"வெல்டர்தான். போலீஸ் வர்றப்போ ரெண்டு பேருமே வெளிய, தரையில இருந்தாங்க. உங்க வீட்டுக்காரர்தான் விவரம் சொன்னாரு. பாவம், அவரு ஒரு மாசம் யார்கிட்டயும் பேசவே இல்ல."

வெல்டரின் மனைவியின் நம்பர் அவரிடம் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை 10:20க்கு டெஸ்ட். அந்த முக்கில் ரோட்டைக் கடந்து அகலமாகத் திரும்பி, சரியான வழியில் போய்ச் சேர்ந்தேன். கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. தேறிவிட்டேன். அவருக்கு போன் பண்ணிச் சொன்னேன். "குருட்டு அதிர்ஷ்டம்" என்றார்.

அன்று மாலை 5:15க்கு முதியோர் இல்லத்துத் துணி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். இந்த ஊரில் நர்ஸாக இருக்கிறேன், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்றேன். நாலு வருஷமாக யாரும் விசாரிக்கவில்லை போலிருக்கிறது. அவளே பேசினாள்.

"பழக்கம் இல்லாத வண்டியை எதுக்குக்கா தொடணும்? தப்பான பக்கம் ஓட்டினாராம். கூட வந்தவரையும் சேர்த்துக் கொல்லப் பார்த்தாராம். போனவரைத் திட்டக்கூடாதுன்னு சொல்றாங்க. நான் தினம் திட்டுறேன்."

"உடம்பை நீங்க பார்த்தீங்களாம்மா?"

"குளிப்பாட்டினதே நாந்தான். முகத்துல ஒண்ணும் இல்ல. தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் குறுக்க ஒரு பட்டை. கருநீலமா."

"எந்தத் தோள்?"

"வலது. அந்தத் தோள்லதான் என் பொண்ணு தூங்கும். எப்படிக்கா மறக்கும்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஊர்ல டாக்டர் பார்த்துட்டு, ஆமா, ஓட்டினவருக்குத்தான் இந்தப் பக்கம் தழும்பு விழும்னு சொன்னாரு."



அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை. அங்கே ஸ்டீயரிங் வலது பக்கம். கதவுப் பக்கத்துத் தோளில்தான் பெல்ட் வரும். வலது தோளில் தழும்பு என்றால், அங்கே அவன் ஓட்டியவன். கார் என்றால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து, ஒரு ஊரே அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டது.

இங்கே ஓட்டுகிறவனுக்கு இடது தோளில் தழும்பு விழும்.

"அம்மா... இங்க ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். வலது பக்கம் உட்கார்றவர் சும்மா கூட வர்றவர்."

ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்போ நான் நாலு வருஷமா...?"

வாக்கியத்தை முடிக்காமலே போனை வைத்துவிட்டாள்.

காரில் நான் கேட்டது என்ன, அந்த மூச்சு யாருடையது, வயரே இல்லாமல் மணி எப்படி அடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லலாம். நடந்ததை மட்டும் நான் எழுதியிருக்கிறேன். மீதி இவ்வளவுதான்.

6:40க்கு வீட்டுக்குப் போனேன். அவர் சோபாவில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"அன்னைக்கு யார் வண்டி ஓட்டினது?"

அவர் திரும்பவில்லை. டிவியையும் அணைக்கவில்லை.

"அவன்தான்" என்றார்.

என்றைக்கு என்று அவர் கேட்கவே இல்லை.